ஊர் கூடி நடத்தும் கணிதப் போட்டி

சிறுவர்களுக்கான கணிதப் போட்டி என்பது, பாடநூலில் கற்ற வாய்பாடுகளை அப்படியே இட்டு நிரப்பினால் விடை கிடைத்துவிடாத சில வினாக்களைக் கொடுத்து, அவற்றைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் தம் சொந்தச் சிந்தனையால் விடுவிக்குமாறு மாணவர்களை அழைக்கும் ஏற்பாடாகும். கற்பித்தது மனத்தில் நின்றிருக்கிறதா என்று பள்ளித் தேர்வு சோதிக்கிறது. கற்றவற்றைக் கொண்டு இதுவரை காணாத ஒன்றை அணுக முடிகிறதா என்று போட்டி பார்க்கிறது. இத்தகைய போட்டியைப் பல்கலைக்கழகமோ அரசுத் துறையோதான் நடத்த வேண்டும் என்பதில்லை. ஒரு கிளை நூலகம், குடியிருப்போர் நலச்சங்கம், பள்ளியின் முன்னாள் மாணவர் மன்றம், கணிதத்தில் ஆர்வமுள்ள நான்கைந்து ஆசிரியர்கள் ஆகியோருள் எவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதனைச் செம்மையாக நடத்திவிடலாம்.

ஆயினும் நடத்துவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய எளிய கணக்கு ஒன்று உண்டு. நூறு குழந்தைகள் பங்கேற்று இரண்டு பிரிவுகளுக்கும் மும்மூன்று பரிசுகள் வழங்கப்படுமானால், ஆறு பேர் பரிசுடனும் தொண்ணூற்று நான்கு பேர் பரிசின்றியும் வீடு திரும்புவர். அந்தத் தொண்ணூற்று நால்வரும் கணக்கு தமக்கு வராது என்ற எண்ணத்தோடு செல்வார்களாயின், அந்தப் போட்டி ஊருக்கு நன்மையைவிடத் தீங்கையே மிகுதியாகச் செய்ததாகும். எனவே வினாத்தாள் முதல் பரிசளிப்பு வரை போட்டியின் ஒவ்வோர் உறுப்பையும் பரிசு பெறாதோரை மனத்தில் இருத்தி வடிவமைப்பதே நடத்துவோரின் தலையாய கடமை. உலகெங்கும் நிலைபெற்ற கணிதப் போட்டிகளின் வரலாறும் பெரும்பாலும் இத்திசையிலேயே நகர்ந்து வந்துள்ளது.

முன்னோடிகள் காட்டிய வழி

இன்றைய கணிதப் போட்டிகளின் தொடக்கமாக ஹங்கேரி நாட்டில் 1894 இல் நிறுவப்பட்ட ஏட்வேஷ் போட்டியைக் குறிப்பிடுவர். இயற்பியலறிஞர் லோராண்ட் ஏட்வேஷ் அவ்வாண்டில் கல்வி அமைச்சரானதைச் சிறப்பிக்கும் வகையில், அந்நாட்டின் கணித, இயற்பியல் சங்கம் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்காக இதனைத் தொடங்கியது. மூன்றே வினாக்கள் கொடுக்கப்பட்டன. புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கவும் தடையில்லை, ஏனெனில் அவ்வினாக்களின் விடை எந்தப் புத்தகத்திலும் நேரடியாக இருக்கவில்லை. லிபோட் ஃபெயேர், தியடோர் வான் கார்மன், காபோர் சேகோ, எட்வர்டு டெல்லர் எனப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பலர் அதில் பரிசு பெற்றனர். அதே போட்டியில் அமர்ந்து விடைத்தாளைக் கொடுக்காமலே வெளியேறிய ஜார்ஜ் போல்யாவும் மாபெரும் கணிதவியலாளராக உருவாகி, கணக்குகளைத் தீர்க்கும் கலையைப் பற்றி உலகெங்கும் படிக்கப்படும் நூலை எழுதினார் என்பதையும் இதனுடன் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒரு காலைப் பொழுதின் விடைத்தாளைக் கொண்டு ஒருவரின் கணித எதிர்காலத்தைக் கணித்துவிட இயலாது.

ஹங்கேரியின் வெற்றிக்குப் போட்டி மட்டுமே காரணமன்று. ஜ்யோர் என்னும் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த தானியேல் ஆரானி, அதே 1894 ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்களுக்கான கணித இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதில் மாதந்தோறும் கணக்குகள் வெளிவந்தன. மாணவர்கள் தீர்வுகளை அஞ்சலில் அனுப்பினர். சிறந்த தீர்வுகள் அனுப்பியவர் பெயரோடு அச்சேறின. பள்ளி நாள்களில் அவ்விதழுக்குத் தீர்வு அனுப்பியவர்களுள் பின்னாளில் பெரும் கணிதவியலாளரான பால் எர்டோஷும் ஒருவர். ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் போட்டிக்கு ஆண்டு முழுவதும் நடக்கும் இந்தக் கடிதப் போக்குவரத்தே வேராக அமைந்தது. சிற்றூரில் இருந்த மாணவனும் தலைநகரில் இருந்த மாணவனும் ஒரே கணக்கை ஒரே மாதத்தில் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திறமை மிக்க சிலரைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகளோடு, ஏராளமான குழந்தைகளைக் கணிதத்தின்பால் ஈர்க்கும் போட்டிகளும் தோன்றின. ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஓ'ஹாலரன் முன்னின்று தொடங்க, 1978 முதல் நாடு தழுவி நடந்துவரும் போட்டி அவற்றுள் முதன்மையானது. அதனைக் கண்டு வியந்த ஆந்த்ரே தெலெதிக், ழான் பியேர் பூதின் என்னும் இரு பிரெஞ்சு ஆசிரியர்கள், 1991 இல் பிரான்சில் ஒரு போட்டியைத் தொடங்கி, ஆஸ்திரேலியாவுக்கு நன்றி கூறும் வகையில் அதற்குக் கங்காரு என்று பெயரிட்டனர். முதலாண்டிலேயே 1,20,000 மாணவர்கள் எழுதிய அப்போட்டி, இன்று பல நாடுகளில் மார்ச் மாத மூன்றாம் வியாழனை ஒட்டி நடத்தப்பட்டு, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சென்றடைகிறது. வென்றவர், தோற்றவர் என்ற வேறுபாடின்றி, எழுதிய ஒவ்வொருவருக்கும் சிறு புத்தகமோ புதிரோ கிடைக்க வேண்டும் என்பது அதன் மரபு.

ரஷ்யாவில் நிக்கலாய் கான்ஸ்தந்தினோவ் 1980 இல் உருவாக்கிய நகரங்களின் போட்டி வேறொரு பாடத்தைத் தருகிறது. அதில் மாணவர் எத்தனை வினாக்களுக்கு விடை எழுதினாலும், அவர் மிகச் சிறப்பாகச் செய்த மூன்று வினாக்களின் மதிப்பெண்களே கூட்டப்படும். எல்லாவற்றையும் அரைகுறையாகத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட, சிலவற்றில் ஆழ்ந்து நிற்பது மேல் என்ற மனப்பாங்கை இவ்விதி வளர்க்கிறது. மேலும், நகரங்களின் மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது அவற்றின் மக்கள்தொகையும் கருத்திற் கொள்ளப்படுவதால், சிறு நகரமொன்று பெருநகரத்தோடு சமமாக நின்று போட்டியிட முடிகிறது.

தமிழகத்திலும் இதற்கு வலுவான மரபு உண்டு. வி. ராமசுவாமி ஐயர் 1907 இல் தொடங்கிய அமைப்பு இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்து, தன் இதழில் வாசகர்களுக்கான வினாப் பகுதியை நடத்தியது. சீனிவாச இராமானுசன் தம் புகழ்பெற்ற அடுக்கு வர்க்கமூலக் கணக்கை 1911 இல் 289 ஆம் வினாவாக அப்பகுதியில்தான் வெளியிட்டார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965 இல் உருவான இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், பள்ளி மாணவர்களுக்கான திறன் போட்டியை வகுப்பு வாரியாகப் பிரித்து நடத்தி வருகிறது. அதன் பிரிவுகளுக்குக் காஸ், கப்ரேக்கர், பாஸ்கரா, இராமானுசன், ஆரியபட்டா எனக் கணிதவியலாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. இவர்களுள் கப்ரேக்கர், மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே எண்களின் விந்தைகளை ஆராய்ந்தவர். அச்சங்கத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான பி.கே. சீனிவாசன், பள்ளி ஆசிரியராக இருந்தபடியே கணிதக் கண்காட்சிகளை ஊர் ஊராகக் கொண்டு சென்றதோடு, 1993 இல் சென்னை இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகம் அமையவும் துணைநின்றார். வகுப்பறைக்கு வெளியே கணிதத்தைக் கொண்டுவர ஒரு பள்ளி ஆசிரியரின் முனைப்பே போதும் என்பதற்கு ஜ்யோர் நகரத்து ஆரானியைப் போலவே இவரும் சான்றாகிறார்.

வினாத்தாள் உருவாகும் விதம்

போட்டியின் உயிர் வினாத்தாளிலேயே உள்ளது. ஊர் அளவிலான போட்டிக்கு ஐந்து, ஆறாம் வகுப்பினர் ஒரு பிரிவாகவும் ஏழு, எட்டாம் வகுப்பினர் மற்றொரு பிரிவாகவும் அமைவது பொருத்தமானது. ஒவ்வொரு பிரிவுக்கும் பதினைந்து அல்லது இருபது வினாக்களும் அறுபது முதல் எழுபத்தைந்து நிமிடங்களும் போதுமானவை. வினாக்களை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என மூன்று படிகளாக அடுக்க வேண்டும். முதற்படியில் உள்ள வினாக்களுள் சிலவற்றையாவது அறைக்குள் நுழையும் ஒவ்வொரு குழந்தையும் தீர்க்கக்கூடியதாகவும், இறுதிப் படியில் உள்ளவை மிகத் தேர்ந்த மாணவரையும் சற்று நேரம் நிறுத்தி வைப்பதாகவும் இருத்தல் வேண்டும். வந்தவர் அனைவரும் ஏதேனும் ஒன்றைச் சாதித்துச் செல்வதற்கான வழி முதற்படியில்தான் திறக்கிறது.

முதற்படிக்கு எடுத்துக்காட்டாக ஒரு வினாவைக் காணலாம். நேர்கோட்டில் 12 தென்னங்கன்றுகள் நடப்பட்டுள்ளன. அடுத்தடுத்த கன்றுகளுக்கு இடையே 5 மீட்டர் இடைவெளி உள்ளது. முதற் கன்றிலிருந்து கடைசிக் கன்று வரை உள்ள தூரம் எவ்வளவு? பன்னிரண்டு கன்றுகளுக்கு நடுவே பதினோர் இடைவெளிகளே இருப்பதால் விடை 55 மீட்டர். பலவுள் தெரிக வகையில், அதாவது கொடுக்கப்பட்ட சில விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் முறையில், இவ்வினா கேட்கப்படுமாயின் 60 என்ற தவறான விடையும் பட்டியலில் இருக்க வேண்டும். படம் வரையாமல் 12 ஐ 5 ஆல் பெருக்கியவர் அதைத் தேர்ந்தெடுப்பார். எத்தனை பேர் அவ்வாறு செய்தனர் என்று பின்னர் எண்ணும்போது, பள்ளிகளில் எதைத் தெளிவாக்க வேண்டும் என்பது ஆசிரியர்களுக்குப் புலப்படும். தவறான விடைகளை மனம்போன எண்களால் நிரப்பாமல், குழந்தைகள் உண்மையிலேயே செய்யக்கூடிய பிழைகளிலிருந்து எடுப்பதே வினா அமைப்போரின் கைத்திறன்.

நடுத்தர வினாவுக்குப் பல்லாங்குழி கைகொடுக்கும். பலகையின் பதினான்கு குழிகளிலும் வரிசையாகக் குழிக்கு ஒன்று வீதம் சோழிகளை இட்டுச் சுற்றிச் சுற்றி வந்தால் நூறாவது சோழி எந்தக் குழியில் விழும் என்பது வினா. ஏழு சுற்றுகளில் 98 சோழிகள் தீர்ந்துவிடுவதால், 99 ஆவது முதற் குழியிலும் 100 ஆவது இரண்டாம் குழியிலும் விழும். ஒன்றொன்றாக எண்ணியும் விடை காணலாம் என்பதால் எவரும் இவ்வினாவின் முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வகுத்து மீதியைப் பார்ப்பவர் விரைவில் முடிக்கிறார். மீதியைக் கொண்டே எண்களை வகைப்படுத்தும் முறை உயர்கணிதத்தில் தனிப்பிரிவாக வளர்ந்துள்ளது என்பதைப் பின்னர் விளக்க அமர்வில் ஓரிரு சொற்களில் கூறலாம்.

கடினப் படியில் காரணம் கேட்கும் வினா ஒன்றாவது இடம்பெற வேண்டும். ஏழு டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு டம்ளர்களைத் திருப்பி வைக்கலாம். எல்லாவற்றையும் நிமிர்த்தி வைக்க முடியுமா? சில நிமிடங்கள் முயன்ற குழந்தை முடியவில்லை என்று கண்டுகொள்ளும். ஆனால் தனக்கு முடியவில்லை என்பதும் எவராலும் முடியாது என்பதும் வேறு வேறு. இரண்டு டம்ளர்களைத் திருப்பும்போது, கவிழ்ந்திருப்பவற்றின் எண்ணிக்கை இரண்டு கூடும், இரண்டு குறையும், அல்லது மாறாதிருக்கும். ஆகவே ஏழு என்ற ஒற்றைப்படை எண்ணில் தொடங்கிய எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே நீடிக்கும். இரட்டைப்படையான சுழியத்தை அது ஒருபோதும் எட்டாது. எத்தனை மாற்றங்கள் நிகழ்ந்தாலும் மாறாமல் நிற்கும் இத்தகைய பண்பை மாறாநிலை என்பர். சூத்திரம் எதுவுமின்றிப் பத்து வயதுக் குழந்தைக்கும் நிரூபணம் என்றால் என்னவென்று உணர்த்திவிடும் வினா இது.

வினாக்களை எழுதி முடித்தவுடன் அச்சுக்கு அனுப்பிவிடலாகாது. வினா அமைப்பில் பங்கு பெறாத இருவர், விடைக்குறிப்பைப் பார்க்காமல் முழுத்தாளையும் தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும். அடுத்த உயர் வகுப்பைச் சேர்ந்த, போட்டியில் கலந்துகொள்ளாத சில மாணவர்களும் எழுதிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். இரண்டு விதமாகப் பொருள்படும் தொடர், விடுபட்ட நிபந்தனை, இரு சரியான விடைகள் போன்ற குறைகள் இவ்வாறுதான் வெளிப்படும். தமிழ்வழி மாணவர்களும் ஆங்கிலவழி மாணவர்களும் ஒரே கூடத்தில் அமரும் இன்றைய சூழலில், ஒவ்வொரு வினாவும் இரு மொழிகளிலும் அருகருகே அச்சிடப்படுவது நியாயமானது. நீண்ட கதைபோன்ற வினாக்கள் கணிதத் திறனுக்குப் பதிலாக வாசிப்பு வேகத்தை அளந்துவிடும் என்பதால் வாக்கியங்கள் சிறியனவாக இருக்க வேண்டும். பாடத்திட்டங்கள் வேறுபட்டாலும் எண், வடிவம், எண்ணும் முறை, தருக்கம் ஆகிய நான்கும் அனைவருக்கும் பொது என்பதால், அவற்றிலிருந்தே வினாக்களை எடுப்பது எந்தப் பள்ளிக்கும் சலுகையாக அமையாது.

மதிப்பெண்ணின் கணிதம்

பலவுள் தெரிக வினாக்களில், ஒன்றும் அறியாமல் குத்துமதிப்பாகக் குறித்தாலும் சில விடைகள் சரியாகிவிடும். ஐந்து விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இருபது வினாக்களில், முற்றிலும் ஊகித்தே எழுதுபவருக்குச் சராசரியாக நான்கு வினாக்கள் சரியாகும். இதனை ஈடுசெய்யவே பல போட்டிகளில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது. சரியான விடைக்கு 1 மதிப்பெண்ணும் தவறுக்குக் கால் மதிப்பெண் இழப்பும் எனில், ஐந்து ஊகங்களில் ஒன்று சரியாகி 1 கிடைக்கும்போது மற்ற நான்கும் தவறாகி 1 போய்விடுவதால், ஊகத்தின் சராசரிப் பயன் சுழியமாகிறது. இரண்டு விடைகள் பொருந்தா என்று ஆராய்ந்து விலக்கிவிட்டு எஞ்சிய மூன்றில் ஒன்றைத் தேர்பவருக்கோ சராசரியில் சிறிது ஆதாயமே மிஞ்சும். அரைகுறை அறிவுக்கும் உரிய மதிப்பு இம்முறையில் கிடைக்கிறது.

கங்காரு போட்டி பல நாடுகளில் இக்கணக்கை அழகாகக் கையாள்கிறது. முப்பது வினாக்களில் முதற் பத்துக்கு 3, அடுத்த பத்துக்கு 4, இறுதிப் பத்துக்கு 5 என மதிப்பெண் அமைகிறது. தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பில் கால் பங்கு குறைக்கப்படும். எல்லா வினாக்களையும் தவறாக எழுதினால் இழப்பு 7.5, 10, 12.5 எனச் சேர்ந்து 30 ஆகும் என்பதால், ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே 30 மதிப்பெண் கொடுக்கப்பட்டுவிடுகிறது. எந்தக் குழந்தையும் சுழியத்துக்குக் கீழே போவதில்லை. அனைத்தும் சரியெனில் 150 கிடைக்கிறது. அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில், சரியான விடைக்கு 6 மதிப்பெண் தருவதோடு, எழுதாமல் விட்ட வினாவுக்கு 1.5 மதிப்பெண் தரும் முறை பின்பற்றப்படுகிறது. முதன்முதலாகப் போட்டிக்கு வரும் பத்து வயதுக் குழந்தைகளுக்கு இழப்பு முறை அச்சத்தையே தரும் என்பதால், இளையோர் பிரிவில் அதனைத் தவிர்த்துவிட்டு, விடையைத் தாமே எழுதும் வினாக்களை மிகுதியாக்குவது ஊர்ப் போட்டிக்கு ஏற்றது.

இருவர் ஒரே மதிப்பெண் பெற்றால் யார் முந்தியவர் என்பதற்கான விதியைப் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். கடினப் படியில் பெற்ற மதிப்பெண்ணை ஒப்பிடுவது ஏற்கத்தக்க முறை; அதுவும் சமமாயின் இருவரும் அவ்விடத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். முதலில் தாளைக் கொடுத்தவருக்கு முன்னுரிமை தருவதோ குலுக்கல் நடத்துவதோ தகாது. முதலாவது அவசரத்தைக் கற்பிக்கும், இரண்டாவது உழைப்பைக் கேலி செய்யும். போட்டி முடிந்தபின் ஒரு வினாவே பிழையானது என்று தெரியவந்தால், அவ்வினாவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதை அறிவித்துக் காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நம்பிக்கையைக் காக்கும்.

போட்டி நாளின் ஏற்பாடுகள்

நாளைத் தேர்வதிலேயே கவனம் தேவை. இராமானுசனின் பிறந்த நாளான டிசம்பர் 22, 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது என்றாலும், அது பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வை ஒட்டி வருவதால், அதற்குச் சில வாரங்கள் முன்போ பொங்கல் விடுமுறை கழிந்த பின்போ நடத்துவது மாணவர்களுக்கு எளிதாயிருக்கும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதிய உணவுக்குள் முடித்துவிடுவது, தொலைவிலிருந்து பேருந்தில் வரும் குழந்தைகளுக்கும் அழைத்துவரும் பெற்றோருக்கும் வசதியானது.

பதிவுக் கட்டணம் இல்லாமலிருப்பதே நன்று. கூடத்தைப் பள்ளியோ நூலகமோ இலவசமாகத் தருமாயின், வினாத்தாள் நகலெடுப்பு, எழுதுதாள், சிற்றுண்டி, பரிசுப் புத்தகங்கள் ஆகியவையே செலவாக நிற்கும். அவற்றை ஊராரின் சிறு நன்கொடைகளால் ஈடுகட்டிவிடலாம். நன்கொடையாளர் எவராயினும் குழந்தைகளின் பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் அடங்கிய பதிவேட்டை அவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பது முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டிய ஒன்று. தனிப்பயிற்சி நிலையங்களின் விளம்பர மேடையாகப் போட்டி மாறிவிடும் ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே பள்ளி மாணவர்கள் அடுத்தடுத்து அமராதவாறு இருக்கைகளைக் கலந்து அமைப்பதும், விடைத்தாளில் பெயருக்கு மாற்றாகப் பதிவு எண்ணை மட்டும் எழுதச் செய்வதும், ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே திருத்தி ஒப்பிடுவதும் நடுநிலையைக் காக்கும் வழிகள். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளும், கையால் எழுத இயலாத குழந்தைக்குச் சொல்வதை எழுதுபவரும் தேவைப்படலாம் என்பதால், பதிவுப் படிவத்திலேயே அதற்கான இடம் விடப்பட வேண்டும். தேர்வறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர்களையும் மறந்துவிடலாகாது; அவர்களுக்கும் அதே வினாத்தாளைக் கொடுத்து முயன்று பார்க்கச் சொன்னால், பிள்ளை எத்தனை எடுத்தது என்று கேட்பதற்கு முன் தென்னங்கன்று வினாவில் தாமே தடுக்கி விழுந்ததை அவர்கள் நினைத்துப் பார்ப்பார்கள்.

குழுச் சுற்றும் விளையாட்டு மேசைகளும்

எழுத்துத் தேர்வு முடிந்து தாள்கள் திருத்தப்படும் இடைவேளையே போட்டியின் மிகச் சிறந்த நேரமாக மாறக்கூடும். வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்த நால்வரை ஒரு குழுவாக்கி, ஒரே கணக்கைக் கூடிப் பேசித் தீர்க்கச் செய்யலாம். அறையில் தனித்து அமர்ந்திருந்தபோது வாய் திறவாத குழந்தை, குழுவில் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டுவிடுவதுண்டு. ரஷ்யாவில், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப்படும் லெனின்கிராடு நகரின் ஒலிம்பியாடு என்னும் கணிதப் போட்டி, இறுதிச் சுற்றை வாய்மொழியாகவே நடத்தும் மரபுடையது. மாணவர் தம் தீர்வை நடுவரிடம் நேரில் விளக்க வேண்டும். ஊர்ப் போட்டியிலும் குழுத் தலைவர் கரும்பலகையின் முன் நின்று, குழு கண்ட வழியை விளக்குமாறு செய்யலாம்.

போட்டியே இல்லாத கணித விழாக்களும் உண்டு. ஹில்பர்ட் என்னும் கணித அறிஞர் முன்வைத்த பத்தாம் சிக்கலுக்குத் தீர்வு காண்பதில் பெரும்பங்காற்றிய அமெரிக்கக் கணிதவியலாளர் ஜூலியா ராபின்சனின் பெயரில் 2007 முதல் நடந்துவரும் விழாக்களில், மேசைக்கு ஒரு புதிர் வைக்கப்பட்டிருக்கும். குழந்தைகள் விரும்பிய மேசையில் விரும்பும் நேரம் அமரலாம். மதிப்பெண்ணோ தரவரிசையோ இல்லை. இம்முறையை இடைவேளைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு மேசையில் 21 புளியங்கொட்டைகளைக் குவித்து, இருவர் மாறி மாறி ஒன்று முதல் மூன்று வரை எடுக்க வேண்டும், கடைசிக் கொட்டையை எடுப்பவர் வென்றவர் என்று விளையாடச் செய்யலாம். எதிராளிக்கு எப்போதும் நான்கின் மடங்கையே விட்டுவைப்பவர் வெல்வார் என்பதையும், ஆகவே முதலாட்டக்காரர் ஒன்றை எடுத்து 20 ஐ விட வேண்டும் என்பதையும் சில ஆட்டங்களில் குழந்தைகளே கண்டறிவர். மற்றொரு மேசையில் கப்ரேக்கரின் எண்ணை வைக்கலாம். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே சென்றால் ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும். 3524 ஐ எடுத்தால் 5432 இலிருந்து 2345 ஐக் கழிக்க 3087, பின் 8730 இலிருந்து 0378 ஐக் கழிக்க 8352, பின் 8532 இலிருந்து 2358 ஐக் கழிக்க 6174 என மூன்றே படிகளில் அது முடிகிறது.

விளக்கமும் பரிசும்

முடிவுகளை அறிவிப்பதற்கு முன் விளக்க அமர்வு நடைபெற வேண்டும். பின்னர் நடத்தினால் கேட்பதற்கு எவரும் இருக்கமாட்டார்கள். வினாத்தாளைக் குழந்தைகளே வைத்துக்கொள்ள, ஒவ்வொரு படியிலிருந்தும் மூன்று நான்கு வினாக்களை ஒருவர் விரித்துரைக்க வேண்டும். எண்ணி விடை கண்டவர், படம் வரைந்து கண்டவர், சமன்பாடு அமைத்துக் கண்டவர் என வெவ்வேறு வழிகளில் சென்றவர்களை அழைத்துப் பேசவைத்தால், ஒரு கணக்குக்கு ஒரு வழிதான் என்ற எண்ணம் தானே விலகும். விடை தவறாயினும் வழி நன்றாயிருந்ததைச் சுட்டிக்காட்டுவதற்கும் இதுவே இடம்.

பரிசுகளைப் பொறுத்தவரை, 1959 இல் ருமேனியாவில் ஏழு நாடுகளுடன் தொடங்கிய பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடே பின்பற்றத்தக்க மரபைக் கொண்டுள்ளது. அங்கு ஒரே ஒரு தங்கப் பதக்கம் வழங்கப்படுவதில்லை. பங்கேற்போரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பதக்கம் பெறும் வகையிலும், தங்கம், வெள்ளி, வெண்கலம் ஆகியவை ஏறத்தாழ 1:2:3 என்ற விகிதத்தில் அமையும் வகையிலும் எல்லைகள் வகுக்கப்படுகின்றன. பதக்கம் பெறாவிடினும் ஆறு கணக்குகளில் ஒன்றையேனும் முழுமையாகத் தீர்த்தவருக்குச் சிறப்புக் குறிப்பு உண்டு. உலகின் மிகக் கடினமான பள்ளிப் போட்டியே இவ்வளவு தாராளமாக இருக்கும்போது, ஊர்ப் போட்டி முதல் மூவரோடு நின்றுவிட வேண்டியதில்லை. குறிப்பிட்ட எல்லைக்கு மேற்பட்டோரின் பெயர்களை மதிப்பெண் இன்றி அகரவரிசையில் வெளியிடலாம். கடினமான வினா ஒன்றை முழுமையாக விளக்கிய ஒவ்வொருவரின் சான்றிதழிலும் அவ்வினாவின் எண்ணைக் குறிப்பிடலாம். கீழ்நிலை மதிப்பெண்களை எந்தப் பலகையிலும் ஒட்டத் தேவையில்லை. கேட்கும் பெற்றோரிடம் தனியே சொல்லிவிடலாம். கோப்பைகளுக்குச் செலவிடும் தொகையில் ஒவ்வொரு குழந்தைக்கும் மெல்லிய புதிர்ப் புத்தகம் ஒன்றை வாங்கிவிட முடியும்.

திறமை மிக்க சிலரை அடுத்த படிக்கு வழிநடத்துவதும் நடத்துவோரின் பொறுப்பே. இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் போட்டிகளைப் பற்றியும், மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஒருங்கிணைக்கும் ஒலிம்பியாடு தேர்வுகளைப் பற்றியும் அம்மாணவர்களின் ஆசிரியர்களுக்குத் தெரிவிக்கலாம். இந்தியா 1989 முதல் பன்னாட்டு ஒலிம்பியாடில் பங்கேற்று வருவதுடன் 1996 இல் மும்பையில் அதனை நடத்தியும் உள்ளது. அந்த நெடும்பாதையின் முதற்படியாக ஊர்ப் போட்டி அமைய வாய்ப்புண்டு.

ஆயினும் பெரும்பான்மையினருக்கு அடுத்த படி என்பது வேறொரு போட்டியன்று, அடுத்த மாதத்துக் கணக்காகும். நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் மாதம் ஒரு கணக்கை ஒட்டி, தீர்வுகளை இட ஒரு பெட்டியை வைத்து, சரியான தீர்வு தந்தவர் பெயர்களை அடுத்த மாதக் கணக்கின் கீழே எழுதிவருவதற்கு ஒரு தாளும் ஓர் ஆசிரியரின் அரைமணி நேரமும் போதும். அப்பெட்டியில் தொடர்ந்து தீர்வு இடும் பிள்ளைகள் பத்துப் பேராகப் பெருகியதும், அவர்களை மாதம் ஒரு முறை கூட்டிப் பேசவைக்கலாம். ஓரிரு ஆண்டுகளில் அடுத்த போட்டிக்கு வினா எழுதவும், விளையாட்டு மேசைகளைக் கவனிக்கவும், இளையோருக்கு விளக்கம் சொல்லவும் அவர்களே முன்வருவார்கள். பரிசு பெறாத ஒரு குழந்தை அவ்வாறு வினா எழுதுபவராக வளர்ந்து நிற்பது, போட்டி ஊருக்கு வேண்டியதுதானா என்ற ஐயத்துக்கு விடையாகும்.